எட்டு முட்டை, ஆறு பேர்: வீட்டில் ஸ்பானிஷ் ஆம்லெட்

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் சென்னை காசிமேட்டில் விசைப்படகுகளை வரிசையாகக் கட்டிவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள். நாட்டுப்படகு மீன் வரத்தான் செய்யும். விலையைக் கேட்டால் நீட்டிய பை மடிந்துவிடும். அந்த இரண்டு மாதமும் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் முட்டைதான். குழம்பு, பொடிமாஸ், ஆம்லெட் என்று மாறி மாறி வரும். இதில் ஆம்லெட் போடும் நாள் மட்டும் எனக்கு நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறு பேர் உள்ள வீட்டில் ஒவ்வொருவருக்கும் சுடச்சுட ஒன்று போட வேண்டும். ஐந்தாவது ஆம்லெட் தட்டுக்கு வரும்போது முதலில் உட்கார்ந்தவர் கை கழுவியிருப்பார். அம்மா கடைசியில் தனக்கென்று ஒன்று போட்டுக்கொண்டு, ஆறிப்போன ரசத்தோடு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன்.

ஸ்பானிஷ் ஆம்லெட் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டதற்கு அதுதான் காரணம். ஒரே சட்டியில் ஒரே வட்டம். இறக்கி, ஆறவிட்டு, ஆறு துண்டாக வெட்டினால் ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும். சமைத்தவரும் கூடவே உட்காரலாம். சூடு ஆறினாலும் சுவை குறையாத பண்டம் என்பதால் யாரும் அடுப்புப் பக்கம் ஓடவும் வேண்டாம்.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மாமா. சரக்குக் கப்பலில் சமையற்காரராக இருந்தவர். வலென்சியா துறைமுகத்தில் கப்பல் நின்றபோது கரையோரச் சிற்றுண்டிக் கடைகளில் இதைச் சாப்பிட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார். முதல்நாள் அவர் சொன்னதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். "இதை முட்டைப் பண்டம் என்று நினைத்துச் செய்தால் கெட்டுவிடும். இது உருளைக்கிழங்குப் பண்டம். கிழங்கை விழாமல் பிடித்துக்கொள்ளத்தான் முட்டை." முதன்முதலாகச் செய்யப்போகிறவர் மனத்தில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான். கிழங்கைப் பக்குவமாக வேகவைத்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

பெயரைப் பற்றிக் கொஞ்சம்

ஸ்பெயினில் இதன் பெயர் தோர்த்தியா. சிறிய தட்டைப் பணியாரம் என்பதுபோல ஒரு பொருள். மெக்சிகோவில் இதே சொல் சோள ரொட்டியைக் குறிக்கும். அது வேறு, இது வேறு. உருளைக்கிழங்கு தென் அமெரிக்க மலைநாட்டிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில்தான் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏழைகளின் அடுப்பில் அது முட்டையோடு சேர்ந்ததற்கு எழுத்தில் சான்று இருக்கிறது. வடக்கு ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் 1817 இல் அங்குள்ள மன்றத்துக்குப் பெயர் போடாமல் ஒருவர் முறையீடு எழுதினார். குடியானவர் வீடுகளின் வறுமையை விவரிக்கும்போது, ஐந்தாறு பேருக்கு இரண்டு மூன்று முட்டைதான் என்றும், எங்கள் பெண்கள் உருளைக்கிழங்கும் ரொட்டித் துணுக்கும் கலந்து அதையே பெரிதாக, தடிமனாகச் செய்யத் தெரிந்தவர்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இந்தப் பண்டத்தின்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. மாதக் கடைசியில் நான்கு முட்டையில் ஆறு பேருக்குக் குழம்பு வைக்கத் தெரிந்த பெண்கள் எங்கள் தெருவிலும் வீட்டுக்கு ஒருவர் உண்டு.

என்னென்ன வேண்டும்

ஆறு பேருக்கு எட்டு முட்டை, 700 கிராம் உருளைக்கிழங்கு, நடுத்தரமான பெரிய வெங்காயம் இரண்டு, உப்பு, எண்ணெய். இவ்வளவுதான். ஐரோப்பியக் குறிப்புகளில் ஆறு முட்டை என்று போட்டிருக்கும். அங்கே பெரிய முட்டை என்றால் 63 கிராமுக்கு மேல். நாமக்கல்லிலிருந்து நம் கடைக்கு வரும் முட்டை சுமார் 50 கிராம்தான். அதனால் இரண்டு கூட்டிக்கொள்கிறோம்.

கிழங்கு வாங்குவதில் கவனம் வேண்டும். ராயபுரம் கல்மண்டபம் சந்தையில் ஊட்டி உருளை தனியாகவும் மற்றது தனியாகவும் குவித்திருப்பார்கள். ஊட்டிக் கிழங்கு விலை கூடுதல். தோலில் மண் ஒட்டியிருக்கும். இந்தப் பண்டத்துக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். குளிர்பதனக் கிடங்கில் பல மாதம் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறியிருக்கும். எண்ணெயில் போட்டால் உள்ளே வேகும் முன்பே வெளியே சிவந்துவிடும். வாயில் போட்டால் இனிப்பு தட்டும். வீட்டிலும் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், அதே கதைதான். அழுத்திப் பார்த்தால் கல்போல இருக்க வேண்டும். முளைவிட்டதையும் தோல் பச்சையாக மாறியதையும் ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணெய் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 400 மில்லி தேவை. அளவைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். பயப்பட வேண்டாம். கிழங்கு வெந்த பிறகு வடித்தால் பெரும்பகுதி அப்படியே திரும்பி வந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று நாள் பொரியலுக்கும் தாளிப்புக்கும் அதே எண்ணெய். வெங்காய வாசனையோடு நன்றாகவே இருக்கும். ஸ்பெயினில் ஆலிவ் எண்ணெயில் செய்கிறார்கள். உலகிலேயே அதிகமாக ஆலிவ் எண்ணெய் ஆட்டும் நாடு அது, அவர்களுக்குக் கட்டுப்படியாகும். நான் சூரியகாந்தி எண்ணெயில்தான் செய்கிறேன். செக்குக் கடலை எண்ணெயில் செய்தால் கடலை வாசனை முன்னால் வந்து நிற்கும். எங்கள் ஆயாவுக்கு அதுதான் பிடிக்கிறது. நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இதற்குச் சரிவராது.

அடுத்தது சட்டி. அடி தட்டையாக, வாய் 22 முதல் 24 சென்டிமீட்டர் வரை, ஓரம் ஐந்து சென்டிமீட்டர் உயரமாவது இருக்கும் நான்ஸ்டிக் சட்டி வேண்டும். தோசைக்கல்லில் ஓரம் இல்லை, முட்டை வழிந்துவிடும். நம் இரும்பு வாணலிக்கு அடி குழிவு, புரட்டும்போது உடையும். தங்கசாலைப் பக்கம் பாத்திரக் கடைகளில் இப்படிப்பட்ட சட்டி எளிதாகக் கிடைக்கும். வாங்கும்போது கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஒரு கிலோவுக்குமேல் கனம் இருக்கப்போகிறது. கைப்பிடி ஆடினால் அது வேண்டாம்.

கிழங்கு நறுக்குவது

கிழங்கை முழுதாகக் கழுவி, தோல் சீவி, துணியால் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். நறுக்கிய பிறகு தண்ணீரில் போடாதீர்கள். வறுவலுக்கு அப்படிச் செய்வது வழக்கம். இங்கே கிழங்கின் மாவு ஒட்டிக்கொண்டிருந்தால்தான் முட்டையோடு நன்றாகப் பிடிக்கும். எண்ணெயும் தெறிக்காது.

கிழங்கை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் பலகையில் படும்படி வைத்து, குறுக்கே மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். நாணயம் ஒன்றரை அளவு கனம், அதாவது மூன்று மில்லிமீட்டர் போதும். சிப்ஸ் சீவும் கட்டையில் சீவினால் மிகவும் மெல்லியதாகிவிடும். எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சில மெல்லிய துண்டுகள் கரைந்து மசியும், தடித்தவை முழுதாக நிற்கும். இரண்டும் கலந்தால்தான் வாயில் நன்றாக இருக்கிறது. நறுக்கிய கிழங்கில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவிப் பிசறி, கறுக்கும் முன்பே அடுப்புக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லியதாக அரிந்துகொள்ளுங்கள். வெங்காயம் போடலாமா கூடாதா என்று ஸ்பெயின்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்றும் வாதாடுகிறார்கள். இரு கட்சிக்கும் தனித்தனிப் பெயரே இருக்கிறது. நான் வெங்காயக் கட்சி. மெல்ல வெந்த வெங்காயம் தரும் இனிப்பும் ஈரமும் இல்லாவிட்டால் கிழங்கு தொண்டையில் நிற்கும். சின்ன வெங்காயம் வேண்டாம். உரிக்கும் பாட்டுக்குப் பலன் இல்லை.

எண்ணெயில் வேகவைப்பது

இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு சரிசெய்ய வழியே இல்லை.

நமக்கு எண்ணெய் என்றால் பொரிப்பதுதான் பழக்கம். இங்கே எண்ணெயில் கிழங்கைப் பொரிக்காமல், தண்ணீரில் வேகவைப்பதுபோல வேகவைக்கிறோம். சட்டியில் எண்ணெயை ஊற்றி நடுத்தரத் தீயில் மூன்று நிமிடம் சூடாக்குங்கள். ஒரு வில்லையைப் போட்டுப் பாருங்கள். அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் சோம்பலாக எழுந்து வர வேண்டும். வடை போட்டதும் கேட்கும் 'சொர்' என்ற சத்தம் வந்தால் சூடு அதிகம். தீயைக் குறைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். குமிழியே வராவிட்டால் சூடு போதாது, கிழங்கு எண்ணெயைக் குடித்துவிடும்.

பதம் சரியானதும் கிழங்கை முழுதும் போடுங்கள். எண்ணெய் கிட்டத்தட்ட மூடும் அளவுக்கு வரும். மேலே கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை, வேக வேகத் தாழ்ந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து வெங்காயத்தைச் சேருங்கள். தீயைச் சிம்முக்குச் சற்று மேலே வையுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மரக்கரண்டியால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டினால் போதும். கிளறிக்கொண்டே இருந்தால் குழைந்துவிடும்.

இதற்கு 18 முதல் 22 நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிடக் காதை நம்புங்கள். முதலில் ஈரம் பிரியும்போது சளசளவென்று சத்தம் இருக்கும். பத்து நிமிடம் தாண்டியதும் சத்தம் மெல்ல அடங்கி, உலை கொதி தணிந்ததுபோல் ஆகும். வில்லைகளின் ஓரம் கண்ணாடிபோல் தெளிந்து, நிறம் வெளிர்மஞ்சளாகவே இருக்கும். ஒரு தடித்த துண்டைக் கரண்டியின் ஓரத்தால் அழுத்திப் பாருங்கள். தானாக இரண்டாகப் பிளந்தால் வெந்துவிட்டது. கரண்டிக்கு எதிர்த்து நின்றால் இன்னும் மூன்று நிமிடம். அங்கங்கே இரண்டு மூன்று துண்டு பொன்னிறமாகியிருந்தால் தவறில்லை. எல்லாமே சிவந்து முறுகிவிட்டால் அது உருளை வறுவல். முட்டையை அது உள்ளே வாங்காது, வெட்டும்போது அடுக்கடுக்காகப் பிரிந்து விழும். அப்படி ஆகிவிட்டால் அன்றைக்கு ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு, மறுநாள் புதிதாகத் தொடங்குங்கள்.

ஒரு பாத்திரத்தின்மேல் கண் வைத்த வடிதட்டை வைத்து, கிழங்கையும் வெங்காயத்தையும் அதில் கொட்டி எண்ணெயை வடியவிடுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். ஆவி அடங்கி, விரலால் தொட்டால் சுடாத வெதுவெதுப்புக்கு வர வேண்டும்.

முட்டையும் ஊறலும்

முட்டைகளை ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய பாத்திரத்தில் சேருங்கள். வெயில் காலத்தில் எட்டில் ஒன்று கெட்டிருந்தாலும் மற்ற ஏழும் வீணாகிவிடும். கால் தேக்கரண்டி உப்புப் போட்டு முள்கரண்டியால் அடியுங்கள். நுரை பொங்க அடிக்க வேண்டியதில்லை; வெள்ளையும் மஞ்சளும் கலந்தால் போதும். நுரை அதிகமானால் உள்ளே காற்றுப்பொத்தல் விழுந்து, பஞ்சுபோல் உலர்ந்துவிடும்.

வெதுவெதுப்பான கிழங்கை முட்டைக்குள் போட்டுக் கலந்து, கரண்டியின் பின்புறத்தால் கால்பங்குத் துண்டுகளை மட்டும் லேசாக மசித்துவிடுங்கள். கிழங்கு கொதிசூடாக இருந்தால் முட்டை அங்கேயே திரிந்துவிடும்; அதற்குத்தான் முன்பே ஆறவிட்டோம். இனிப் பத்து நிமிடம் கைவைக்காமல் விடுங்கள். இந்த ஊறல் நேரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கிழங்கு முட்டையை உள்ளே இழுத்துக்கொள்ளும், கலவை தண்ணீராக இருந்தது போய்க் கெட்டியாகிவிடும். பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஊறாமல் ஊற்றினால் முட்டை தனியாக அடியில் தங்கும், கிழங்கு மேலே மிதக்கும்.

அந்த நேரத்தில் சட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, ரசத்துக்குத் தாளிக்கலாம்.

சட்டியில் ஊற்றுவது

வடித்த எண்ணெயிலிருந்து இரண்டு தேக்கரண்டியை எடுத்துச் சட்டியில் விட்டு, ஓரம்வரை பரவும்படி சுழற்றுங்கள். நன்றாகச் சூடானதும் கலவையை ஊற்றுங்கள். முதல் ஒரு நிமிடம் நடுத்தரத் தீ. சட்டியை லேசாக ஆட்டிக்கொண்டே, ஓரத்தில் உறையும் முட்டையை மரக்கரண்டியால் உள்பக்கமாக நகர்த்துங்கள். மேலே இருக்கும் பச்சை முட்டை ஓரத்துக்கு வழியும். பிறகு தீயை முழுதும் சிம்மில் வைத்துவிடுங்கள். கரண்டியால் ஓரத்தைச் சுற்றித் தட்டி, வட்டத்தை ஒழுங்குபடுத்துங்கள்.

ஆறேழு நிமிடம் ஆனதும் சட்டியை ஆட்டிப் பாருங்கள். அடி ஒட்டாமல் முழு வட்டமும் ஒன்றாக நகர வேண்டும். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு உறைந்திருக்கும், நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரமாகத் தளும்பும். அதுதான் புரட்டும் தருணம். நடுவில் இன்னும் குளமாக நின்றால் மூடி போட்டு இரண்டு நிமிடம் வையுங்கள்.

புரட்டுவது

நான் முதன்முதலில் புரட்டியபோது சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கவிழ்த்தேன். நம் எவர்சில்வர் தட்டுக்கு ஓரம் உயர்ந்திருக்கும். சட்டியின் வாயோடு அது பொருந்தவில்லை. இடைவெளியில் வழிந்த சூடான முட்டை மணிக்கட்டில் பட்டுக் கொப்புளமாகிவிட்டது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டியின் வாயைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் பெரிதாக, முழுதும் தட்டையாக இருக்கும் ஒன்று வேண்டும். மாவுப் பாத்திரத்தை மூடும் தட்டையான மூடி, ஓரம் உயராத பீங்கான் தட்டு, எது இருந்தாலும் சரி. அதன்மேல் சில துளி எண்ணெயைத் தடவுங்கள். சட்டியை அடுப்பிலிருந்து எடுத்து, அதிகப்படி எண்ணெய் மேலே நின்றால் ஓரமாகச் சாய்த்து வடித்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கத்தில் நில்லுங்கள். குழந்தைகளைச் சமையலறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

மடித்த பிடிதுணியை உள்ளங்கையில் வைத்து, தட்டைச் சட்டியின்மேல் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு கையில் கைப்பிடி. முழங்கைகள் இரண்டும் உடலோடு ஒட்டியிருக்கட்டும். இப்போது மணிக்கட்டைத் திருப்பி ஒரே வீச்சில் கவிழ்த்துவிடுங்கள். பாதியில் யோசித்து நிறுத்தினால்தான் வழியும். 'தொப்' என்று கனம் தட்டுக்கு மாறுவது கைக்கே தெரியும். சட்டியைத் தூக்கினால் பொன்னிறப் பக்கம் மேலே பார்த்தபடி இருக்கும்.

சட்டியில் இன்னும் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு, தட்டின் விளிம்பைச் சட்டியின் விளிம்போடு சேர்த்துப் பிடித்து, ஆம்லெட்டை மெதுவாக வழுக்கி உள்ளே விடுங்கள். ஓரம் சற்றுப் பிதுங்கி இருக்கும். கரண்டியால் சுற்றிவர உள்ளே மடித்துச் செருகினால், ஸ்பெயின் கடைகளில் இருப்பதுபோல ஓரம் உருண்டு அழகாக வந்துவிடும். சிம்மிலேயே ஐந்து நிமிடம் வையுங்கள்.

புரட்டும்போது விரிசல் விட்டாலோ ஒரு ஓரம் பிய்ந்தாலோ மனம் தளர வேண்டாம். பிய்ந்ததை அதன் இடத்தில் வைத்து அழுத்திவிட்டால் அடுத்த ஐந்து நிமிடத்தில் முட்டையே ஒட்டவைத்துவிடும். வெட்டும்போது தெரியவே தெரியாது.

உள்ளே எவ்வளவு வேக வேண்டும்

ஸ்பெயினின் வடமேற்கில் கலிசியாவில் பெத்தான்சோஸ் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பாணியில் வெங்காயம் இல்லை. வெட்டியதும் உள்ளிருந்து முட்டை குழம்பாக வழியும். கலக்கி விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தச் சுவை புரியும். ஆனால் முதல்முறை செய்கிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பேன். நம் கடை முட்டை கூடையில் வெயிலில் எவ்வளவு நேரம் இருந்தது என்று நமக்குத் தெரியாது. வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவரோ இருந்தால் முட்டை முழுதும் உறைந்தே ஆக வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய கத்தியை நடுவில் செருகி எடுங்கள். கத்தியில் ஈரப்பதம் இருக்கலாம், பச்சை முட்டை ஒட்டியிருக்கக் கூடாது. ஒட்டியிருந்தால் மூடி போட்டு இன்னும் மூன்று நிமிடம் வையுங்கள்.

வெந்ததும் தட்டில் கவிழ்த்து, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சுடச்சுட வெட்டினால் சரிந்து குவியலாகிவிடும். ஆறும்போதுதான் உள்ளே இறுகும். உப்பும் வெங்காயமும் நாக்கில் தெளிவாகத் தெரியும். அந்த நேரத்துக்குள் எல்லோரையும் உட்காரவைத்து, தட்டு, தண்ணீர், சோறு எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்துவிடலாம்.

மிளகாய் இல்லாமலா?

எங்கள் வீட்டில் முதல்நாள் எழுந்த கேள்வி இதுதான். "மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை, இதை எப்படிச் சாப்பிடுவது?" என்று ஆயா கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: முதல்முறை எதையும் சேர்க்காமல் செய்து பாருங்கள். எண்ணெயில் மெல்ல வெந்த கிழங்கின் சுவை தனியாக எப்படி இருக்கிறது என்று நாக்குக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்தமுறை எதைச் சேர்த்தால் அது கெடாது என்பதும் தெரிந்துவிடும். ஆயா இப்போது தன் துண்டின்மேல் மட்டும் மிளகை இடித்துத் தூவிக்கொள்கிறார். பச்சைமிளகாய் வேண்டும் என்றால் விதை நீக்கி, வெங்காயத்தோடு எண்ணெயில் போட்டு வேகவையுங்கள். பச்சையாக முட்டையில் கலந்தால் அந்தக் காரம் மட்டுமே முன்னால் நிற்கும். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் சேர்த்துப் பார்த்தேன். அது நம் ஊர் ஆம்லெட்டாகவே மாறிவிட்டது. மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம்.

ஸ்பெயினில் இதை ரொட்டியோடும், வெறுமனே சின்னத் துண்டாகவும் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் சோறு, பக்கத்தில் ஒரு துண்டு, உப்பும் எலுமிச்சையும் பிழிந்த தக்காளி வெங்காயம். மிளகு ரசம் இதற்கு மிகவும் பொருத்தம். எண்ணெயில் வெந்த கிழங்கின் கொழுப்பை ரசத்தின் புளிப்பு அறுத்துவிடும். நைனா இரவுப் பணிக்குப் போகும் நாளில் ரசம்கூட வைப்பதில்லை. பேக்கரி பன்னை நடுவில் பிளந்து துண்டை உள்ளே வைத்துக் கொடுத்துவிடுவோம், போகும் முன்பே சாப்பிட்டுவிடுவார்.

வேறு ஊர்களில் இதைக் காலையில் செய்து மதியம்வரை வெளியில் வைத்துச் சாப்பிடுவார்கள். சென்னை வெயிலுக்கு அது ஆகாது. முட்டைப் பண்டம் அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. வெயில் காலத்தில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் டப்பாவில் கட்டித்தராதீர்கள். மீந்ததை ஆறியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

நான்கு பேருக்கு என்றால் முட்டை ஐந்து, கிழங்கு 450 கிராம், வெங்காயம் ஒன்று. சட்டியும் 18 முதல் 20 சென்டிமீட்டருக்கு இறங்க வேண்டும். அதே பெரிய சட்டியில் செய்தால் அடைபோல் மெல்லியதாகிவிடும். இரண்டு விரல் கனம் இருந்தால்தான் நடுப்பகுதி மிருதுவாக நிற்கும். பத்துப் பேருக்கு என்றால் ஒன்றைப் பெரிதாக்காதீர்கள், இரண்டாகச் செய்யுங்கள். பெரியதைப் புரட்ட இரண்டு கை போதாது.

மறுநாள் காலையில் மீந்த துண்டைத் தோசைக்கல்லில் சிம்மில் வைத்து, மூடி போட்டு இருபுறமும் நன்றாகச் சூடேற்றினால் ஓரம் லேசாக முறுகும். எங்கள் வீட்டில் அந்தத் துண்டை அம்மாவுக்கென்று எடுத்து வைத்துவிடுகிறோம். மேலே இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்து, டீயோடு திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவார்.